14,500 ரூபாய் போச்சு: ‘கைவேலை ஃபுல்காரி’ என்று வந்தது மெஷின் எம்பிராய்டரி

ஃபுல்காரி என்பது பஞ்சாபின் பூவேலை எம்பிராய்டரி. அந்தத் துப்பட்டா பார்சலைப் பிரித்தது முந்தாநாள். இன்று காலை கடைக்காரர்கள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். பஞ்சாபின் அறுவடைத் திருநாளான பைசாகிக்கு இன்னும் ஐந்தே நாள். இன்னும் எத்தனை பேர் இதே வலையில் விழப்போகிறார்களோ, அதனால் உடனே எழுதுகிறேன்.

சோஷியல் மீடியாவில் ரீல் போட்டு, போனில் ஆர்டர் எடுக்கிற வகைக் கடை. ‘நேரடியாகப் பட்டியாலாவிலிருந்து’ என்று போட்டிருப்பார்கள். பேசிய செட்: கத்தர் (கைத்தறிக் கதர்) துணியில் பட்டு நூலால் கைவேலை செய்த துப்பட்டா இரண்டரை மீட்டர், குர்தா துணி, பட்டியாலா சல்வாருக்கான துணி. 14,500 ரூபாய், முழுத்தொகையும் முன்பணம்.

நம்பவைத்தது வீடியோ கால்தான். கேட்கும் முன்பே கடைக்காரப் பெண் துப்பட்டாவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். ஃபுல்காரி தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கத்தரின் உள்பக்கத்திலிருந்து இழை எண்ணி ஊசி போடுவார்கள். முன்பக்கம் பளபளவென்று நீள இழை விழும், பின்பக்கம் பொடிப்பொடியாகப் புள்ளிதான் தெரியும். காட்டியதில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் காட்டியது ஒன்று, கட்டி அனுப்பியது வேறு.

வந்ததன் பின்பக்கம் முழுக்க வெள்ளை நூல். மெஷினில் துணிக்கு அடியில் ஓடும் பாபின் நூல் அது. மேலே ஐந்து நிறம் ஓடினாலும் அடியில் ஒரே வெள்ளை. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய நூல் வெட்டாமல் தொங்குகிறது, ஓரத்தில் எம்பிராய்டரிக்கு அடியில் வைக்கும் தாளைக்கூடக் கிழித்து எடுக்கவில்லை. துணி கத்தர் இல்லை, ஜார்ஜெட். ‘பட்டு’ நூலில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் உருகிக் கருப்பு மணியாகச் சுருண்டது. பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். ரேயான் என்றால் காகிதம் எரிகிற வாடை. (இப்போது நல்ல கைவேலைக்கும் ரேயான் போடுகிறார்கள். சொல்லி விற்றால் தப்பே இல்லை.) இது சுத்த பாலியெஸ்டர்.

சல்வார் துணி இன்னொரு கூத்து. பட்டியாலாவுக்கு 44 அங்குல அகலத்தில் நாலு மீட்டராவது வேண்டும். வந்தது இரண்டரை. சாதா சல்வார்தான் தைக்கலாம். இடுப்புப் பட்டைக்குக் கீழே அடுக்கடுக்காக விழவேண்டிய கொசுவத்துக்குத் துணி எங்கே? டெய்லர் மாஸ்டர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேட்டதற்கு முதல் பதில், “தீதி (அக்கா), கேமரா வெளிச்சத்தில் அப்படித் தெரியும்.” அடுத்து, “ஹேண்ட்மேட் என்றால் கொஞ்சம் மாறத்தான் செய்யும்.” மூன்றாவதுதான் உச்சம்: “இது சோப் வகை தீதி, பின்பக்கம் வேறமாதிரிதான் இருக்கும்.” சோப் என்பது பேத்தி கல்யாணத்துக்குத் தாய்வழிப் பாட்டி போட்டுத் தரும் சிவப்புக் கத்தர். இரட்டை ஓட்டுத் தையல், இருபக்கமும் ஒன்றுபோல் இருக்கும், நூல் பொன்மஞ்சள் ஒன்றுதான். ஐந்து நிறமும் வெள்ளை முதுகுமாக இருப்பதைச் சோப் என்று யாரிடம் சொல்கிறார்கள்! அப்புறம், “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? இல்லையென்றால் ரிட்டர்ன் கிடையாது.” கடைசியில் 14,500 ரூபாய்க்குப் பதிலாக 1,000 ரூபாய் கூப்பன். அதுவும் அவர்களிடமே வாங்கத்தானாம்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பாதீர்கள். வீடியோ காலில் துப்பட்டா மூலையில் பேனாவால் ஒரு குறி போடச் சொல்லி, அந்தக் குறியோடுதான் வரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். துணி, நூல், மீட்டர் மூன்றும் பில்லில் இருக்கட்டும். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 14,500 ரூபாய்க்கு அங்கே புகார் பதிந்தாயிற்று.

அந்தக் கடை இன்று மாலையும் லைவ் போட்டது. அதே துப்பட்டாவைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள்.