நெஃப்ரோட்டிக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது?

குழந்தைக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம், அதாவது சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்கும் சிறுநீரக நோய் என்று தெரிந்ததும், சளி, தடுப்பூசி எதுவானாலும் நகரத்து சிறுநீரக நிபுணரிடமே ஓடும் பெற்றோர் உண்டு. ஊரிலுள்ள குழந்தை மருத்துவரிடம் வழக்கமாகக் காட்டிக்கொண்டு, பெரிய முடிவுகளுக்கு மட்டும் நிபுணரிடம் போகிறவர்களும் உண்டு. என் ஓட்டு இரண்டாவது வழிக்கு.

நிபுணர் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. நோய் அடிக்கடித் திரும்பினாலோ, இதற்கு முதலில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துக்கு அடங்காவிட்டாலோ, லெவாமிசோல் போன்ற அடுத்த மருந்தா, சிறுநீரகத் திசுவைத் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் இந்த நோய் பெரும்பாலும் ஒரு சாதாரண சளிக்குப் பிறகுதான் திரும்புகிறது. வீட்டில் சிறுநீரைச் சோதிக்கும்போது புரதம் தொடர்ந்து 3 நாள் 3+ அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடம்பு வீங்கியிருக்கும்போது காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் வயிற்றறைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். பேருந்து பிடித்து நகரம் போய் ஓ.பி. வரிசையில் நிற்க நேரமில்லை. பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய மருத்துவர் இங்கேதான் உயிர் காக்கிறார்.

தடுப்பூசியும் அப்படித்தான். அதிக அளவு ஸ்டீராய்டு சாப்பிடும்போது எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற, பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் போடக் கூடாது; நிமோகாக்கல், ஃப்ளூ ஊசிகளோ அவசியம் வேண்டும். இந்தக் கணக்கையும், உயரம் ஏறுகிறதா, ரத்த அழுத்தம் எப்படி என்பதையும் தொடர்ந்து பார்க்க, பிறந்ததிலிருந்து குழந்தையை அறிந்தவரே வசதி. நிபுணரின் கூட்டத்தில் இவை நழுவிவிடுகின்றன.

உள்ளூர் வழியில் ஆபத்து ஒன்று உண்டு. விவரம் தெரியாத யாராவது காய்ச்சலுக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஐப்யூபுரோஃபென் எழுதிவிடலாம், ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடலாம். அதனால் நிபுணரிடம் அடுத்த முறை போகும்போது, இப்போதைய டோஸ், காய்ச்சல் வந்தால் அதை மாற்ற வேண்டுமா, எந்த மருந்து கூடாது, சின்னம்மை வந்த பிள்ளையோடு பழகிவிட்டால் என்ன செய்வது, இத்தனையையும் சிறுநீர்ப் புரத அளவைக் குறித்து வைக்கும் நோட்டிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு மருத்துவர்களும் பேசிக்கொள்ள ஃபோன் நம்பரும் அதில் இருக்கட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டு கூடவே போக வேண்டும்.