பழைய ஆமி ஜீப் வச்சிருக்கிற ஆக்கள் பெற்றோல் லைன் வேலைக்குக் குடுக்க முதல் இத வாசிங்க

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வில்லிஸ் ஜீப் வச்சிருக்கிற ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேர் இரிக்கிறீங்க, அதான் எழுதிறன். எங்கடது அப்பப்பா வாங்கினது, ரெண்டாம் உலக யுத்தத்துல ஓடின மொடல், 6 வோல்ட் பெட்டரி, டேங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழ. டேங்க்ல இருந்து பம்ப்புக்குப் போற இரும்பு லைன் சேசியில கிளிப் போட்ட இடத்துல உப்புக்காத்துக்குத் துருப்பிடிச்சு கசியத் தொடங்கிட்டு.

கல்முனைப் பக்கம் ஒரு கராஜ், பழைய வாகனத்துக்கு நல்ல பாஸ் (மெக்கானிக்) எண்டாங்க. பாத்த உடனே, "தம்பி லைன மட்டும் மாத்திச் சரிவராது, பம்ப்பையும் கழட்டி டயாப்பிரம் போடணும்" எண்டார், டயாப்பிரம் எண்டா பம்ப்புக்குள்ள பெற்றோல உறிஞ்சிற மெல்லிய தகடு. பில் 38,000. லைன் முழுசாப் புதுசாம், டயாப்பிரம் வாற பம்ப் கிட் செற்றாம், கூலியாம்.

எடுத்துட்டு வரக்குள்ள கல்லடிப் பாலத்துலயே இழுவை இல்ல, விக்கி விக்கி ஓடிச்சு, வீட்டுல நிப்பாட்டினாப் பிறகு பாத்தா கீழ சொட்டுது. அந்த லைன் பம்ப் உறிஞ்சிற பக்கம், அதுல ஓட்டை இருந்தா என்ஜின் ஓடக்குள்ள பெற்றோல் வெளிய வாறத விடக் காத்துத்தான் உள்ள போகும், அதாலதான் விக்கும். "ஓடக்குள்ள ஒழுகல்லத்தானே" எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க.

கீழ படுத்து டோர்ச் அடிச்சுப் பாத்தன். ரெண்டு நுனியும் பழைய இரும்புதான், நடுவுல வெட்டி எடுத்துட்டு மேசன்மார் லெவல் பாக்கிற பிளாஸ்டிக் ரியூப்பச் செருகி, கட்டுக்கம்பியால இறுக்கி, மேல கறுப்பு ஸ்ப்ரே அடிச்சிரிக்கு! நகத்தால சுரண்ட பெயின்ற் உரிஞ்சு மஞ்சளாத் தெரிஞ்சிச்சு. பெற்றோல் பட்டா அந்த ரியூப் இறுகி வெடிப்பு விழும், கிட்டவே எக்ஸோஸ்ட் வேற கொதிச்சுக்கொண்டு இரிக்கி, நெருப்புப் பிடிச்சா சீட்டுக்குக் கீழதான் டேங்க். பம்ப்ப தொடக்கூட இல்ல, ஸ்குரூத் தலைக்குள்ள பழைய கிறீஸும் மண்ணும் அப்பிடியே காஞ்சு கிடந்திச்சு.

போன் எடுத்துக் கேட்டா, "பழைய சாமான் தம்பி, கசியத்தான் செய்யும்". கசியாமப் பண்ணத்தானே காசு குடுத்த நான்?

பிறகு செங்கலடியில ஒரு வயசான பாஸ்ட குடுத்தன். 5/16 இஞ்சி ஸ்டீல் பைப் வளைச்சு, நுனிய ஃபிளேர் அடிச்சு (இறுக்கமாப் பொருந்த வாய விரிச்சு), சேசியில கிளிப்புக்குக் கிளிப் ரப்பர் வச்சுப் பிடிச்சார். பம்ப்புக்குப் போற கடைசித் துண்டு மட்டும் பெற்றோலுக்கெண்டே வாற ரப்பர் ஹோஸ், ஏனெண்டா என்ஜின் ஆடும், அதுல இரும்பு பிடிச்சா வெடிப்பு விழுந்திரும். கம்பனி செய்யக்குள்ளயும் அந்த இடத்துல வளையிற ஹோஸ்தான் போட்டது. இப்ப மணமும் இல்ல, இழுவையும் நல்லம்.

ஆரும் இந்த வேலைக்குக் குடுத்தா கழட்டின பழைய லைனக் கையில வாங்குங்க, பம்ப் ஸ்குரூவ முன்னுக்கே போட்டோ எடுத்து வைங்க, முடிஞ்ச பிறகு காசு குடுக்க முதல் ஜீப்ப ஜாக்கியில ஏத்திக் காட்டச் சொல்லுங்க. முதல் கராஜ்காரர் பாதிக் காசு தாறன் எண்டவர், இப்ப என்ட நம்பரக் கண்டா எடுக்கிறாரில்ல.