நேரடிப் பேருந்தா, கூலாயில் மாறிச் செல்வதா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் என்ற ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து மாநிலத் தலைநகரான ஜொகூர் பாருவுக்குப் பொதுப் பேருந்து விடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் நேராக நகரம் வரை பேருந்தை ஓட்டுவது ஒன்று. தோட்டத்துப் பேருந்துகளைக் கூலாய் நிலையத்தோடு நிறுத்தி, அங்கிருந்து அடிக்கடி புறப்படும் பெரிய பேருந்தில் பயணிகளை ஏற்றுவது மற்றொன்று.

தோட்டத்து மக்கள் விரும்பிக் கேட்பது நேரடிப் பேருந்தையே. மூட்டுவலியோடு மருத்துவமனைக்குப் போகும் பாட்டிக்கும், கைக்குழந்தையோடு பயணம் செய்யும் தாய்க்கும் இடையில் இறங்கி ஏறுவது பெரும் சுமை என்பதால், அந்த விருப்பத்தை அறியாமை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது. நான்கு தோட்டங்கள், நான்கு பேருந்துகள், ஒரு பேருந்து நகரம் போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்கு ஒரு பேருந்து என்று பிரித்தால், ஒன்றைத் தவறவிட்டவர் அடுத்ததற்கு இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதே நான்கில் இரண்டைக் கூலாய்க்கும் நகரத்துக்கும் இடையே இரண்டு மணி நேரச் சுற்றிலும், மற்ற இரண்டை ஆளுக்கு இரு தோட்டங்கள் வீதம் அரைமணிச் சுற்றிலும் ஓட்டினால், எல்லாத் தோட்டங்களுக்கும் மணிக்கொரு பேருந்து கிடைத்துவிடும். கூலாய்ச் சந்தைக்கும் கிளினிக்குக்கும் மட்டும் வந்து திரும்புவோருக்கும் இதுவே பயன்படும்.

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்க வரப்போகும் ஆர்டிஎஸ் விரைவு இரயிலும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. நகரத்தின் பேருந்து முனையமான லார்கினுக்கும், இரயில் நிலையமான புக்கிட் சாகாருக்கும் தனித்தனி நேரடிப் பேருந்து கேட்டால், இருக்கும் சில பேருந்துகளும் மேலும் சிதறிப்போகும்.

மாறிச் செல்லும் முறையின் உண்மையான குறை கட்டணத்தில் இருக்கிறது. இரண்டு முறை ஏறுவதற்கு இரண்டு தொடக்கக் கட்டணம் என்றால் தோட்டத்துக் குடும்பம் தாங்காது. சிங்கப்பூர் 2010 ஜூலையில் மொத்தத் தூரத்தை வைத்துக் கட்டணம் கணக்கிடும் முறைக்கு மாறி, பேருந்து மாறுவோர் கூடுதலாகச் செலுத்தும் நிலையை நீக்கியது. கூலாயிலும் அப்படியொரு ஏற்பாடு இல்லாமல் பேருந்து மாறும் நிலையத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

செயலியில் அழைத்தால் வரும் வேன் மூன்றாவது வழியாகச் சொல்லப்படுகிறது. ஆள் குறைந்த பகல் வேளைக்கு அது பொருந்தலாம். பள்ளி விடும் நேரத்துக் கூட்டத்தை அது தாங்காது.

ஆகவே என் தேர்வு கூலாய் நிலையமே. ஆனால் நேர அட்டவணையை வீடு திரும்புவோரை மனத்தில் வைத்தே எழுத வேண்டும். காலையில் பெரிய பேருந்தைத் தவறவிட்டவர் கூரையின் கீழ் அடுத்ததற்குக் காத்திருக்கலாம்; இரவில் கடைசித் தோட்டப் பேருந்தைத் தவறவிட்டவருக்கோ விளக்கில்லாத தோட்டச் சாலைதான் மிச்சம். நகரத்திலிருந்து வரும் கடைசிப் பேருந்து தாமதமானாலும், அது வந்து சேரும்வரை தோட்டப் பேருந்து புறப்படக் கூடாது என்ற விதி ஓட்டுநரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாக இல்லாமல், சேவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.