மேட்டூரா, பூலாம்பட்டியா, ஊர் ஏரியா? சேலத்துத் தூண்டில்காரருக்கு ஒரு பருவக் கணக்கு

சேலத்தில் தூண்டில் பழக நினைக்கிற எவரும் முதலில் கேட்பது, எங்கே போனால் மீன் கிடைக்கும் என்றுதான். பதில் சொல்பவரும் யோசிக்காமல் மேட்டூர் என்பார். அணை பெரியது, அதனால் மீனும் பெரியது என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. தண்ணீர் அந்த வாரம் ஏறுகிறதா, இறங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் வருடத்தின் பாதி நாள் மேட்டூர் தோற்கிறது. ஜெயிப்பது சில மாதம் மேட்டூருக்குக் கீழே காவிரிக் கரையில் இருக்கிற பூலாம்பட்டி, சில மாதம் நம் வீட்டுக்குப் பக்கத்து ஏரி. ஏற்காடு எந்த மாதமும் ஜெயிப்பதில்லை.

முதலில் மேட்டூர். 1934-இல் கட்டி முடித்த அணை. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கரையில் நிற்கிறவருக்கு இந்தப் பெருமையெல்லாம் இடைஞ்சல்தான். அத்தனை பரப்பில் கட்லா எங்கே திரிகிறது என்று தெரியாமல் பரிசலில் போகிறவர்களே பல இடத்தில் வலை போட்டுப் பார்க்கிறார்கள். கரையிலிருந்து நாம் எறிகிற முப்பது நாற்பது மீட்டருக்குள் மீன் வந்தால் உண்டு. அது எப்போது வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், ஜனவரி 28-இல் மூடுவார்கள். மூடிய பிறகு குடிநீருக்காக விநாடிக்கு ஆயிரம் கனஅடி போல மட்டும் போகும். ஆக, தை கடைசியிலிருந்து பங்குனி வரை நீர்மட்டம் பெரிதாக அசைவதில்லை. தண்ணீர் தெளிந்திருக்கும், வெயில் ஏறினால் கரையோர ஆழமற்ற பகுதி சீக்கிரம் சூடாகும், ஜிலேபி மீன் கூட்டமாக ஒதுங்கும். மேட்டூருக்குப் போக இதுதான் பருவம். மே மாதத்தில் மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் சேற்றைத் தாண்டி நீரைத் தொடுவதற்கே பாதி நேரம் போய்விடும். 80 அடிக்குக் கீழே இறங்குகிற வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த பழைய தேவாலயக் கோபுரமும் நந்தியும் தலைகாட்டும். பார்க்கப் போகலாம், தவறில்லை. ஆனால் கட்டடமும் மரத்தூரும் கிடக்கிற அந்த அடிநிலத்தில் ஈயம் கட்டிய தூண்டிலைப் போட்டால் முள் சிக்கும், நரம்பு என்கிற நைலான் கயிறு அறும், திரும்பவும் கட்டு, திரும்பவும் அறும். அங்கே மிதக்கிற தக்கை போட்டு, முள் தரையைத் தொடாமல் ஒரு அடி மேலே நிற்கும்படி வைப்பது ஒன்றே வழி.

ஜூலை, ஆகஸ்ட்டில் கர்நாடகத்திலிருந்து புதுத்தண்ணீர் வரும்போது நிலைமை தலைகீழ். செம்மண் கலங்கல். கண்ணால் இரை தேடுகிற மீனுக்கு ஒன்றும் தெரியாது, வாசனை பிடிக்கிற கெளுத்திக்கும் வாளைக்கும் திருவிழா. நீர் புதிதாக ஏறி வருகிற கரையோரத்தில் புல் மூழ்கும், புழுவும் பூச்சியும் வெளியே வரும், கெளுத்தி அதைத் தேடி முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். இந்தச் சமயத்தில் ஆழத்துக்கு எறிகிறவர்கள் மீனைத் தாண்டி எறிகிறார்கள் என்பேன். மண்புழுவை முள்ளில் தாராளமாகக் கோத்து, பத்து அடி தூரத்தில் போட்டால் போதும். இரவு ஏழு மணிக்கு மேல் இன்னும் நல்லது.

இதே ஆடி மாதத்தில் பூலாம்பட்டிப் பக்கம் போகாதீர்கள். அணையில் இருந்து தண்ணீரைக் கூட்டினால் ஆற்றில் அது ஏறுவது சட்டென்று நடக்கும். மின்நிலையங்கள் வழியாகவே விநாடிக்கு 20 ஆயிரம் கனஅடிக்கு மேல் விடலாம், அணை நிரம்பினால் 16 கண் மதகு வழியாக அதற்கு மேலும் வரும். பதினெட்டாம் பெருக்குக்குக் குளிக்கப் போகிறவர்களையே போலீஸ் கயிறு கட்டி நிறுத்துகிற ஆறு அது. பாறை மேல் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் திரும்பிப் பார்க்கும்போதுதான் வந்த வழி இல்லை என்று தெரியும். வெள்ள எச்சரிக்கை வந்த வாரம் ஆற்றுத் தூண்டில் வேண்டவே வேண்டாம், மீன் எவ்வளவு கடித்தாலும் சரி.

ஆனால் கோடைக்கு பூலாம்பட்டிதான். எடப்பாடி தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும், படகில் அக்கரைக்கு நெரிஞ்சிப்பேட்டை, இக்கரையில் தென்னையும் வாழையும். அதனால்தான் குட்டிக் கேரளம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மேட்டூருக்குக் கீழே பவானி வரை மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள்: செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை. கதவணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியே நிற்பதால், ஏரிகள் வெடித்துக் கிடக்கிற ஏப்ரல், மே மாதங்களிலும் இங்கே மட்டம் பெரிதாக மாறாது. கூடவே அந்த ஆயிரம் கனஅடி மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பதால் தண்ணீரில் பிராணவாயு குறையாது. கோடையில் இதைவிட வேறென்ன வேண்டும்? கதவணைக்குப் பக்கத்தில் மட்டும் நிற்கக் கூடாது. தடை செய்த பகுதி என்று பலகை இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

இந்தப் பிராணவாயுக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் சொல்லித்தருகிற "விடியறதுக்குள்ள போயிடணும்" என்ற பாடம் சேலத்து ஏரிகளுக்குப் பொருந்துவதில்லை. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். அதோடு, நம் ஊர் ஏரிகள் கோடையில் பச்சைப்பசேல் என்று பாசி பிடித்திருக்கும். பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும், இரவில் தானும் அதைத் தின்னும். ஆகவே பச்சை ஏரியில் பிராணவாயு ஆகக் குறைந்திருக்கிற நேரம் சூரியன் எழும்புவதற்குச் சற்று முன்னால். அந்த நேரத்தில் ரோகுவும் கட்லாவும் மேலே வந்து வாயைத் திறந்து திணறிக்கொண்டிருக்கும், இரையைத் தேடாது. மேலே மீன் தெரிகிறதே என்று மகிழ்ந்து தூண்டில் போட்டவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். எட்டு மணி ஆகட்டும், பாசி மேல் வெயில் விழட்டும். எட்டிலிருந்து பத்து வரை நல்ல கடி. விடியற்காலைப் பாடமெல்லாம் ஓடுகிற காவிரிக்கும் தெளிந்த மேட்டூருக்கும் சரி.

விரால் இதற்கு விலக்கு. காற்றையே நேராகச் சுவாசிக்கிற மீன் அது, குட்டையாகச் சுருங்கிய ஏரியிலும் உயிரோடு இருக்கும். மே மாத ஏரியில் தூண்டில் போட்டே தீருவேன் என்கிறவர் விராலைத்தான் நம்ப வேண்டும்.

இனி ஏரிகள். செர்வராயன் மலையில் விழுகிற மழை ஓடை ஓடையாக இறங்கி அடிவாரத்து ஏரிகளுக்கு வருகிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரி அப்படி நிரம்புகிற ஏரி. 2010-க்குப் பிறகு தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் வைத்ததில் பறவைகளுக்குப் பிடித்துப்போய்விட்டது. மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடிப் பக்கம் கதை வேறு. மேட்டூர் உபரி நீரைக் குழாயில் கொண்டுவந்து 100 ஏரிகளை நிரப்புகிற திட்டத்தில் எம்.காளிப்பட்டி ஏரி போன்றவை, அணை நிரம்புகிற ஆண்டுகளில் உள்ளூர் மழைக்குக் காத்திராமல் நிரம்புகின்றன. வித்தியாசம் தூண்டில்காரருக்கு முக்கியம்: அடிவார ஏரி ஐப்பசியில் நிரம்பும், காவிரி உபரி வருகிற ஏரி ஆவணியிலேயே நிரம்பலாம். கிழக்கே வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் ஆனைமடுவு, கரியகோவில் அணைகள் இருக்கின்றன. அங்கும் மழைதான் எஜமான். நல்ல மழை பெய்த வருடம் கார்த்திகையில் போய்ப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பெட்ரோல் செலவு.

ஏரி நிரம்பியதும் ஓடிப் போகிறவர்களுக்கு ஒரு சேதி. குத்தகை எடுத்தவர் நிரம்பிய பிறகுதான் குஞ்சு விடுவார். ஐப்பசியில் விட்ட கட்லாக் குஞ்சு மார்கழியில் உள்ளங்கை அளவுகூட இருக்காது. மாசியில்தான் அது மீன். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றும்போது குத்தகைதாரர் வலை போட்டு வாரிவிடுவார். ஆகவே குத்தகை ஏரியில் நமக்குக் கிடைப்பது மாசிக்கும் வலைக்கும் நடுவில் உள்ள கொஞ்ச நாள். கரையில் இருக்கிற குத்தகைக்காரரிடம், "அண்ணா, தூண்டில் போட்டுக்கலாங்களா? கட்லா வந்தா விட்டுடறேனுங்க" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஜிலேபிக்குப் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள், அது அவர் விட்ட மீனின் தீனியைத் தின்கிறது. கேட்காமல் போட்டால் அது திருட்டு. மேட்டூரிலும் மீன்வளத் துறை உரிமம் பெற்ற மீனவர்களின் பிழைப்பு இருக்கிறது, அங்கும் கேட்டுவிட்டே போட வேண்டும்.

குத்தகை இல்லாத ஏரியில் புரட்டாசி, ஐப்பசிதான் உச்சம். ஓடை வந்து ஏரியில் சேர்கிற வாய்க்கால் வாயில் நில்லுங்கள். புதுத்தண்ணீர் அடித்துவருகிற புழுவுக்காக மீன் அங்கே எதிர்நீச்சலில் காத்திருக்கும். புரட்டாசிக்கு இன்னொரு சௌகரியம், பாதி ஊர் கவிச்சி தொடாததால் கரையில் இடம் கிடைக்கும். பிடித்ததை விட்டுவிடுகிற வழக்கம் பழகவும் அதைவிட நல்ல மாதம் கிடையாது, வீட்டில் யாரும் "எங்கே மீன்" என்று கேட்கப்போவதில்லை.

அந்த மாதங்களில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பில் சிவப்பாகப் பொடிப்பொடியாக ஒரு கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால் அது விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தச் சமயம் இரையாகக் கட்டுகிற தவளை பொம்மையைக் குஞ்சுக்கூட்டத்தின் நடுவே இழுத்தால் விரால் கட்டாயம் பாயும். பசிக்காக இல்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது. காவல் போனால் அத்தனை குஞ்சும் பிற மீனுக்கு இரை. இதைத் திறமை என்று படம் பிடித்துப் போடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

கருவிக்கு வருவோம். மூங்கில் குச்சியா, ராடு ரீலா? ஊர் ஏரிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மூங்கிலோ மடக்குத் தூண்டிலோ போதும், அதுதான் மேலும்கூட. ஜிலேபி கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது, தக்கை லேசாக அசைந்ததும் சுண்டிவிடலாம். ரீலில் எறிந்தால் நரம்பு தொய்ந்து, சுண்டுவதற்குள் இரை போய்விடும். மேட்டூருக்கும் கதவணைக்கும் ஏழெட்டு அடி ராடு, நடுத்தர ரீல், பத்துப் பவுண்டு தாங்குகிற நரம்பு. ஆரம்பத்தில் இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் முடித்துக்கொள்ளலாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தக்கை எம்மாத்திரம். அந்த மாதம் தக்கையைக் கழற்றிவிட்டு ஈயம் கட்டி அடியில் போடுங்கள், ராடு நுனியைப் பார்த்துக் கடியை அறியலாம்.

இரையில் மண்புழு எல்லா மீனுக்கும், மாவு கெண்டை வகைக்கு. கலங்கலில் புழு, தெளிவில் மாவு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்தால் ரோகுவுக்குப் பிடிக்கும். முந்தின நாள் பரோட்டாவுக்கு ஜிலேபி மயங்குவதை யார் கண்டுபிடித்தார்களோ, அவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சிலை வைக்கலாம். ஆழம் முக்கியம்: கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கிறது, மேல்மட்டத்தில் தின்னும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். தக்கையை ஒரே இடத்தில் கட்டிவிட்டு மூன்றுக்கும் காத்திருப்பது வீண்.

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, படகு ஓடுகிற ஏரிக்கு ராடோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதத்தில் படகுத்துறைக் கூட்டம், ஆடி ஆவணியில் மூடுபனியும் மழையும், மார்கழியில் குளிர். கெண்டை வகைகள் 20 டிகிரிக்குக் கீழே தண்ணீர் போனால் தீனியைக் குறைத்துவிடும், வளர்ச்சியும் மந்தம். அதே மார்கழியில் கீழே சேலத்து ஏரியில் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் உட்கார்ந்தால் கடி உண்டு. ஏற்காட்டில் மிளகு வாங்கலாம், காபி குடிக்கலாம்.

தின்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சாக்கடையும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் சேர்கிற நீரில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்; திருமணிமுத்தாறும் அதை ஒட்டிய குட்டைகளும் இந்தக் கணக்கில் வரும். அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்திதான். வளர்க்கத் தடை செய்த மீன் அது, உள்ளூர் மீனையெல்லாம் தின்றுவிடும், மாட்டினால் திரும்ப நீரில் விடக் கூடாது. நாட்டுக் கெளுத்தியையும் தேளியையும் முள்ளிலிருந்து கழற்றும்போது வெறுங்கை வேண்டாம். பக்கவாட்டு முள் குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரி. குறடு ஒன்று நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, முதலில் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பிறகு ராடு பார்க்கலாம்.