அமெரிக்க ஹேசலா, அலகு ஹேசலா?

வட அமெரிக்க மண்ணுக்கே உரிய ஹேசல்நட் புதர்களுள், வெயில் விழும் வேலியோரத்துக்கு அமெரிக்க ஹேசலும், மரநிழலும் குளிரும் மிகுந்த வடபகுதிகளுக்கு அலகு ஹேசலும் பொருந்தும். முன்னதன் கொட்டையை ஓரம் கிழிந்த இலை போன்ற உறை மூடியிருக்கும். பின்னதன் உறையோ பறவையின் அலகைப்போல் நீண்டு, தொட்டால் குத்தும் நுண்முடிகள் நிறைந்திருப்பதால், பறிப்பவர் கையுறை அணிவது நல்லது. அணில்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டின் கொட்டைகளையும் அணில்களும் காட்டு வான்கோழிகளும் உண்கின்றன. குளிர்காலத்தில் கிளைகளில் தொங்கும் ஆண் பூங்கொத்துகள், காட்டுக்கோழியை ஒத்த குரௌஸ் பறவைகளுக்கு இரையாகின்றன. காற்றால் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் இவ்விரு புதர்களும் தம் மகரந்தத்தால் காய்ப்பதில்லை ஆதலால், எதை நட்டாலும் வெவ்வேறு விதையில் முளைத்த இரு செடிகளேனும் வேண்டும். திறந்தவெளித் தோட்டத்துக்கு என் தெரிவு அமெரிக்க ஹேசலே. வேர்க்கன்றுகளை வெட்டாமல் விட்டால், அது பறவைகள் பதுங்கும் அடர்புதராகும்.