சிவப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்ன அக்கா

நாலாம் மாதம் ஹீமோகுளோபின் 10.6 இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா வழக்கம்போல சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தார். இரும்பு மாத்திரை போட்டாலே எனக்குக் குமட்டல், மலச்சிக்கல் வேறு. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தெருவில் சத்துப் பொருள் விற்கும் அக்கா பையோடு வந்தார்.

“ஏங்கண்ணு, அந்தச் செகப்பு மாத்திரையத் தின்னா கொழந்தை கருப்பாப் பொறக்கும். இது முழுக்க மூலிகை, சைடு எஃபெக்டே கெடையாது.”

கருப்பாவது மலம்தான், குழந்தை இல்லை. எனக்கும் தெரியும். ஆனாலும் குமட்டல் விட்டால் போதும் என்று இருந்தேன். சிவப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, அக்காவின் கேப்சூலை மூன்று மாதத்துக்கு 7,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

ஏழாம் மாதம் பார்த்தால் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, பேனா முனையை வைத்து அந்தக் குட்டி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். ஒரு கேப்சூலில் இரும்பு 6 மில்லிகிராம். அரசு தருகிற இலவச மாத்திரையில் 60 மில்லிகிராம், கூடவே 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அதாவது ஒரு சிவப்பு மாத்திரைக்குப் பத்து கேப்சூல்! ஓரத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் வேறு.

அதைவிடப் பயந்தது வைட்டமின் ஏ வரியைப் பார்த்து. ரெட்டினால் வகை, ஒரு கேப்சூலில் 6,000 யூனிட். அக்கா சொன்னபடி தினம் இரண்டு போட்டால் 12,000. கர்ப்பத்தில் 10,000-ஐத் தாண்டக் கூடாதாம். முதல் மூன்று மாதத்தில் அளவு மீறினால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். நான் அதற்கப்புறம் தொடங்கியதாலும் ஸ்கேன் சரியாக இருந்ததாலும் மூச்சு வந்தது.

அரசு மருத்துவமனையில் ஐந்து முறை இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். காசு வாங்கவில்லை, ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஐந்து நாள் சம்பளம் போச்சு. அக்காவிடம் பணத்தைக் கேட்டால், “சீல் பிரிச்சதக் கம்பெனி எடுக்காது கண்ணு. உன் ஒடம்புவாகு அப்படி” என்கிறார்.

நர்ஸம்மாவிடம் குமட்டலைச் சொன்னபோது, “இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானேம்மா” என்று கடிந்துகொண்டார். ராத்திரி சாப்பிட்டபிறகு எலுமிச்சைச் சாறோடு போடு, கால்சியத்தைக் காலையில் தனியாகப் போடு, மாத்திரையோடு டீ, காபி வேண்டாம் என்றார். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் குமட்டல் குறைந்துவிட்டது.

போன வாரம் அந்த அக்கா எதிர்வீட்டுத் திண்ணையில் அதே பையோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் இரண்டாம் மாதம். என் பழைய டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.