முதல் காரே மோரிஸ் மைனர்: பினாங்கில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

லைசென்ஸ் எடுத்த கையோடு பழைய கார் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பது முக்கியம். முதலில் பிரேக். அடுத்து அடித்தளத் தகடு. அப்புறம் முன்சக்கர மூட்டுகள், விளக்குகள். பெயிண்டும் குரோமும் எல்லாவற்றுக்கும் கடைசி. பினாங்கின் ஜெலுத்தோங்கில் எனக்கு வேலை செய்து தந்த ஃபோர்மன் (மெக்கானிக்) அங்கிள் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, கலரை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்தக் காடி (கார்) நிக்குதான்னு பாப்போம்." இன்றைக்கும் நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பேச்சைத்தான்.

என்னுடையது மோரிஸ் மைனர் 1000, இரண்டு கதவு, 1098 சிசி. புது ஓட்டுநருக்கான பி ஸ்டிக்கர் ஒட்டிய காலத்திலிருந்து வேலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் இதில்தான் போகிறேன். மேனுவல் கியர் என்பதால் டி வகுப்பு லைசென்ஸ் வேண்டும். ஆட்டோவுக்கான டிஏ மட்டும் வைத்திருப்பவர்கள் இதை ஓட்ட முடியாது.

மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியைத் தந்தவரும் அவரே. உற்பத்திக்குப் போகும் தறுவாயில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பானெட்டின் நடுவே ஓடும் பட்டை அதனால் வந்தது. தினமும் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து அந்தப் பட்டையைப் பார்க்கிறேன். எனக்கு அலுக்கவே இல்லை.

1956-இல் மைனர் 1000 வந்தபோது இன்ஜின் 948 சிசி. 1962-இல் அது 1098 ஆனது, கூடவே முன்சக்கரத்தில் பிரேக் ஷூ உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் டிரம் ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமானது. புது ஓட்டுநர் என்றால் இந்த எட்டு அங்குலத்துக்காகவே 1962-க்குப் பிந்தைய வண்டியைத் தேடுங்கள். சாலை வரி 948-க்கு 20 வெள்ளி (ரிங்கிட்), 1098-க்கு 55 வெள்ளி. 35 வெள்ளியை மிச்சம் பிடிக்கச் சின்ன டிரம்மை எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது கிராண்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உள்ள இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் பல மைனர்களில் டட்சன் இன்ஜின் மாட்டியிருப்பார்கள். அது மோசமான இன்ஜின் இல்லை, ஆனால் மாற்றியது ஜேபிஜே-யில், அதாவது சாலைப் போக்குவரத்துத் துறையில், பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது துரு. மைனருக்குத் தனிச் சேசிஸ் சட்டம் கிடையாது; உடலும் தளமும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. அதனால் தளம் அரித்துப்போனால் அதை வெறும் ஓட்டை என்று எண்ணக் கூடாது, காரின் எலும்பே போய்விட்டது என்று பொருள். பினாங்கில் கடற்காற்றும் மழையும் சேர்ந்து இந்த வேலையைச் சீக்கிரமாகவே செய்துவிடுகின்றன. என் காரை எனக்கு முன்பு யாரோ ஒரு பட்டறையில் பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். அங்கிள் கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தார்; ஒட்டவில்லை. உள்ளே முழுக்கப் புட்டி. சுரண்டினால் கீழ்ப்பட்டை ஒரு பக்கம் காகிதமாக உதிர்ந்தது. ஜாக் வைக்கும் இடம், பின் இலை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கி, முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் கம்பியின் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச்சட்டம், இந்த மூன்றையும் வண்டியைத் தூக்கிவைத்துச் சுத்தியல் முனையால் தட்டிப் பாருங்கள். முன் ஃபெண்டர் அரித்திருந்தால் கவலை வேண்டாம், அது போல்ட்டில் மாட்டியது, கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். என் பட்ஜெட்டில் பெரும்பகுதி வெல்டிங்குக்கே போனது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் செலவு ஒரு சென்ட் அளவுக்குக்கூடத் தெரியாது. அதற்காக நான் வருந்தவில்லை.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்துக்குக் கீழே, தளத்தோடு வெல்டு செய்த நீளச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பாயைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் எண்ணெய் அளவு தெரியும், அதனால் பலர் பார்ப்பதே இல்லை. போதாக்குறைக்கு ஒரே சுற்று: எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் நான்குக்கும் பிரேக் போய்விடும், கைப்பிரேக் மட்டும் மிஞ்சும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். எல்லாச் சிலிண்டர்களையும் ஹோஸ்களையும் புதிதாக மாற்றிய பிறகுதான் என்னைச் சாலையில் விட்டார் அங்கிள்.

இன்னொரு விஷயம், ஓட்டப் பழகுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. முன்சக்கர டிரம்மில் இரண்டு ஷூவுமே முன்னோக்கிப் போகும்போது தானாக இறுகிப் பிடிக்கும்படி அமைந்தவை. பின்னோக்கி உருளும்போது அந்தப் பிடி இருக்காது. மேட்டில் நின்றுகொண்டு கால்பிரேக்கை நம்பினால் வண்டி மெல்ல நழுவும். லைசென்ஸ் சோதனையில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்களே, அங்கே கற்ற கைப்பிரேக் பழக்கம் எனக்கு ஜாலான் துன் சார்டோனில் தினமும் உதவுகிறது. பாலேக் பூலாவ் போகும் அந்த வளைவுகளில் முன்னால் ஒரு லோரி நின்றுவிட்டால், கைப்பிரேக்கை இழுத்து, கிளட்ச் பிடிப்பதை உணர்ந்த பிறகே விடுகிறேன். முதல் கியரில் சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமமாக்கி மென்மையாகச் சேர்க்கும் அமைப்பு) இல்லை; வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது திணித்தால் பற்கள் கதறும். அதனால் மேடு வருமுன்பே இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். இப்படி முன்கூட்டியே யோசித்து ஓட்டும் வழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கார்தான். இறக்கத்திலும் அதே இரண்டாவது கியர்: டிரம் சூடேறினால் பிடி குறையும்.

முன்சக்கரம் திரும்புவதற்கென்று அடிப்பக்கத்தில் ட்ரன்னியன் என்று மரை போட்ட ஒரு மூட்டு இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் அப்படியே மடிந்துவிடும். மைனரைப் பற்றிப் பயமுறுத்தும் கதைகளில் பாதி இதுதான். கிரீஸ் துப்பாக்கி விலை அதிகமில்லை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை நானே அடித்துவிடுகிறேன்.

இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஈயம் கலக்காத பெட்ரோலுக்காக ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டாயிற்று. 20டபிள்யூ-50 எண்ணெய், நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கியர்பாக்ஸுக்கும் இன்ஜின் எண்ணெய்தான். கடைக்காரர் கியர் எண்ணெய் தந்தால் வாங்காதீர்கள். மில்லிமீட்டர் ஸ்பானர்கள் இதற்குப் பொருந்தாது, அங்குல அளவில் ஒரு செட் வேண்டும். உதிரிப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து இன்றும் வருகின்றன. பல நேரம் பொருளைவிடத் தபால் செலவு கூடுதல்.

ஏசி இல்லை. பாயான் லெப்பாஸ் வேலை நேர நெரிசலில் சட்டை நனைந்துவிடும், மாற்றுச்சட்டை எப்போதும் பின்சீட்டில் இருக்கிறது. பினாங்கு பாலத்தில் 80 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதியில்லை என்பது மைனருக்கு வசதி. இடப்பக்கம் 70-இல் நிதானமாகப் போய்விடலாம். முன்பெல்லாம் ஃபெரியில் ஏற்றிப் பட்டர்வொர்த் போவார்கள். 2021 ஜனவரி முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. இந்தக் காரை ஃபெரி தளத்தில் நிறுத்திக் கடலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, அது இனி நடக்காது.

மழைதான் இன்னும் எனக்குச் சங்கடம். வைப்பருக்கு ஒரே வேகம். இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். சிக்னலில் நிற்கும்போது விளக்கும் வைப்பரும் சேர்ந்து ஓடினால் வெளிச்சம் மங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக, மெதுவாக ஓடும்போதும் போதிய மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் மாட்டலாம் என்று அங்கிளும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் பாசிட்டிவ் எர்த் ஆக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்ததாக) இருக்கும் மின்சுற்றை நெகட்டிவுக்கு மாற்றியாக வேண்டும். ஆண்டு இறுதி மழைக்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிட்டால் இரவிலும் நிம்மதியாக எடுப்பேன். அதுவரை மழை இருட்டினால் காரை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகிறேன்.